தாங்கிமேல் போட்ட தரை ஓடு: குறியைப் பார்த்துக் குறை தீர்க்கும் வழி

கோலாலம்பூரில் பால்கனிக்கும் மொட்டைமாடிக்கும் மரப்பலகைத் தளம் போடுகிறவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். நல்ல செங்கால் மரம் வாங்கக் கை நடுங்குகிறது. மலிவான மரத்தைப் போட்டால் காலை வெயிலும் பிற்பகல் மழையும் மாறி மாறி அடித்து, திருகு இறங்கிய ஓட்டையிலிருந்தே மக்கத் தொடங்குகிறது. மீதியைக் கரையான் பார்த்துக்கொள்கிறது. அந்த இடத்துக்கு வந்திருப்பது 20 மி.மீ. கனமுள்ள போர்சலின் ஓடு. சாந்து கிடையாது, பசை கிடையாது. திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பிளாஸ்டிக் தாங்கிகளைப் பழைய தளத்தின் மேல் நிறுத்தி, நான்கு ஓடுகளின் மூலைகள் கூடும் இடத்துக்கு ஒரு தாங்கி என்று வைத்து, ஓட்டை அதன்மேல் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே 3 அல்லது 4 மி.மீ. சந்து இருக்கும். மழைநீர் அந்தச் சந்து வழியே இறங்கி, அடியில் இருக்கும் தளத்தின் வாட்டத்தில், அதாவது சரிவில் ஓடி, வடிகால் வாயில் விழும்.

இந்தத் தளத்தைப் பற்றி வரும் புகார்கள் ஏறக்குறைய எல்லாமே ஓட்டைக் குறை சொல்லித்தான் வருகின்றன. ஓடு பெரும்பாலும் நிரபராதி. தாங்கி, தளம், வடிகால், நீர்க்காப்புப் படலம் ஆகிய நான்கில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். நான்கும் ஓட்டுக்கு அடியில் இருக்கின்றன. ஆகவே கீழே வரும் எந்தக் குறிக்கும் முதல் வேலை ஒன்றுதான்: ஓட்டைத் தூக்கிப் பார்ப்பது. தூக்க முடிவதுதான் இந்தத் தளத்தின் பெரிய வசதி. மரப்பலகையில் இதைச் செய்யத் திருகைப் பிடுங்க வேண்டும். ஒட்டிய ஓட்டில் செய்ய உளி வேண்டும்.

60க்கு 60 செ.மீ. ஓடு ஒன்று 16 முதல் 17 கிலோ இருக்கும். விரலை விட்டு நெம்பாதீர்கள். மூலை சில்லுப் பெயர்ந்துவிடும், விரலும் நசுங்கும். கண்ணாடி தூக்கும் ரப்பர் உறிஞ்சுபிடி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வழுக்காத சொரசொரப்பு ஓட்டில் அது சில சமயம் பிடிக்காது; ஓட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அழுத்தினால் பிடிக்கும். அதோடு ஒரு ரசமட்டம், ஒரு டார்ச் விளக்கு, 1 மி.மீ. ரப்பர் வில்லைகள் கொஞ்சம், ஒரு வாளி. போதும்.

நடந்தால் ஓடு ஆடுகிறது

அதிகம் வரும் புகார் இது. வெறுங்காலோடு நின்று, ஓட்டின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக மிதித்துப் பாருங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டு அசையாமல் நிற்கும். மற்ற இரண்டும் மாறி மாறி இறங்கும். இறங்கும் மூலைகளில் ஒன்றின் தாங்கி குட்டையாக இருக்கலாம், நிற்கும் மூலைகளில் ஒன்றின் தாங்கி உயர்ந்திருக்கலாம், அல்லது ஓடே முறுகியிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. ஓட்டைத் தூக்கி, தாங்கிகளைத் தொடாமல், ஓட்டை மட்டும் கால் சுற்று திருப்பி வையுங்கள். ஆட்டம் இப்போது மற்ற இரண்டு மூலைகளுக்கு மாறிவிட்டால் கோளாறு ஓட்டில். பழைய இடத்திலேயே ஆடினால் தாங்கியில்.

ஓடு முறுகியிருந்தால் அதைச் சுவரோரத்துக்கோ பூச்சாடிக்குக் கீழேயோ மாற்றிவிட்டு, அங்கிருந்த நேரான ஓட்டை இங்கே கொண்டுவாருங்கள். பெரிய ஓடுகளில் மயிரிழை அளவு வளைவு இருப்பது இயல்பு. அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

தாங்கியில் கோளாறு என்றால் உடனே திருகத் தொடங்கிவிடுவார்கள். அங்கேதான் வேலை கெடுகிறது. ஒரு தாங்கி நான்கு ஓடுகளைச் சுமக்கிறது. ஒன்றுக்காக அரைச் சுற்று திருகினால் மற்ற மூன்றும் ஆடத் தொடங்கும். பிறகு அவற்றுக்காக அடுத்த தாங்கியைத் திருகி, மாலைக்குள் பால்கனி முழுவதும் ஆடும். முதலில் தாங்கியின் தலையைத் துடையுங்கள். ஒரு சிறு மணல்துகள் போதும் ஆட்டத்துக்கு. பிறகு அந்த ஒரு மூலைக்கு மட்டும் ரப்பர் வில்லையைக் கால்பாகமாக வெட்டி வையுங்கள். 1 மி.மீ. போதவில்லை என்றால் இரண்டு. அதற்குமேல் தேவைப்பட்டால்தான் தாங்கியைத் திருக வேண்டும். அப்போது சுற்றியுள்ள நான்கு ஓடுகளையும் எடுத்துவிட்டு, ரசமட்டம் வைத்துத் திருகுங்கள்.

தூக்கிப் பார்க்கும்போது தாங்கிக்கு அடியில் உடைந்த ஓட்டுச் சில்லோ பலகைத் துண்டோ செருகியிருக்கக் கண்டால், அதைப் போட்ட ஆள் கையில் சரியான உயரத் தாங்கி இல்லாமல் வேலை செய்திருக்கிறார் என்று பொருள். பலகைத் துண்டு நனைந்து ஊறி நசுங்கும். சில்லு கீழே உள்ள படலத்தைக் குத்தும். இரண்டையும் எடுத்தெறிந்துவிட்டு, அடுத்த அளவுத் தாங்கியையோ நீட்டிப்பு வளையத்தையோ போட வேண்டும். திருகைக் கடைசி மரைவரை நீட்டி வைத்திருந்தாலும் இதே தீர்வுதான்.

இன்னொரு வகை ஆட்டம் உண்டு. போட்டபோது சரியாக இருந்தது, சில மாதங்களில் ஒரு பகுதி முழுவதும் மெல்லத் தாழ்கிறது. தளத்தில் தார் வகை நீர்க்காப்புப் படலம் இருந்தால், வெயிலில் அது இளகித் தாங்கியின் கால் உள்ளே அமிழ்ந்திருக்கும். தாங்கியை எடுத்தால் வட்டமாகத் தடம் தெரியும். அகலமான காலுள்ள தாங்கியாக மாற்றுங்கள், அல்லது படலத்தோடு ஒத்துப்போகும் பட்டையை அடியில் விரியுங்கள். எந்தப் பட்டை எந்தப் படலத்துக்கு ஆகும் என்பதைப் படலம் விற்றவரிடம் கேட்டே போட வேண்டும். சில பிளாஸ்டிக் படலங்களைத் தாரும் சில ரப்பர்களும் அரித்துவிடும்.

ஒரு விளிம்பு மேலே துருத்திக் கால் இடறுகிறது

நம் வீடுகளில் பால்கனிக்குச் செருப்புப் போட்டுப் போகிறவர்கள் குறைவு. 2 மி.மீ. மேடுகூட விரலைப் பெயர்க்கும். வெவ்வேறு தொகுப்பு எண் உள்ள ஓடுகளைக் கலந்திருந்தால் கனம் சற்று வேறுபடும். பெட்டியின்மேல் அச்சிட்ட தொகுப்பு எண்ணைப் பாருங்கள். கனமான ஓடுகளை ஒரு பக்கமாகச் சேர்த்து, மெல்லியவற்றுக்கு மட்டும் வில்லை வைத்தால் தீர்ந்துவிடும்.

சந்து ஒரு பக்கம் அகலமாகிக்கொண்டே போகிறது

ஓடுகள் நகர்கின்றன. ஒட்டாத ஓட்டை இடத்தில் நிறுத்துவது சுற்றுச்சுவர் மட்டுமே. சுவருக்கும் கடைசி ஓட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தால், நடக்க நடக்க எல்லா ஓடுகளும் அந்தப் பக்கம் போகும். சுவரோரத்தில் 5 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, அதில் சுவரை முட்டி நிற்கும் விளிம்புக் கவ்வியோ ரப்பர் தடுப்போ வைத்து இறுக்க வேண்டும்.

ஓடுகள் எப்போதும் வடிகால் பக்கமாகவே நகர்ந்தால் வேறு காரணம். தளம் வாட்டமாக இருக்கிறது. அதன்மேல் நிறுத்திய தாங்கியும் அதே அளவு சாய்ந்து நிற்கிறது. ஓடு மட்டமாகத் தெரிந்தாலும் தாங்கிகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து தள்ளிக்கொண்டிருக்கும். வாட்டத்தைச் சரிக்கட்டும் சாய்வுத் தட்டு தாங்கியோடு தனியாகக் கிடைக்கிறது. 5 சதவீதச் சரிவுவரை ஈடுகொடுக்கும். குத்தகையாளர்கள் மிச்சம் பிடிக்கும் முதல் பொருள் அதுதான்.

சந்தைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் நகராது என்று ஒரு யோசனை எல்லாருக்கும் வரும். அதைச் செய்யாதீர்கள். தாங்கிமேல் நிற்கும் ஓடு மிதிக்கும்போது இம்மியளவு அசையும். சிமெண்டு சில வாரங்களில் பொடிப்பொடியாக உதிரும், உதிர்ந்தது வடிகாலை அடைக்கும். அதற்குள் மழைநீர் மேலேயே நின்று வீட்டுக்குள் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குப் பிறகு ஓட்டைத் தூக்க முடியாது.

நடந்தால் சத்தம், கீழ்வீட்டார் புகார்

“மேலே யாரோ உரல் இடிப்பதுபோல் இருக்கிறது, தம்பி” என்று கீழ்வீட்டு அம்மா சொன்னால் அவர் மிகைப்படுத்தவில்லை. அடியில் வெற்றிடம் உள்ள தளம் அதிரத்தான் செய்யும். தாங்கியின் தலையில் ரப்பர் வில்லை இருக்கிறதா என்று பாருங்கள். கடினமான பிளாஸ்டிக்கின்மேல் கடினமான ஓடு நேரடியாக உட்கார்ந்திருந்தால் டொக் டொக் என்று கேட்கும். தாங்கியின் காலுக்கு அடியிலும் ஒரு ரப்பர் தட்டு வைத்தால் கான்கிரீட்டுக்குப் போகும் அதிர்வு குறையும். நாற்காலிக் கால்களுக்கு உறை போடுங்கள். இத்தனையும் செய்த பிறகும், ஒட்டிய ஓட்டைவிட இதில் ஒலி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

மழை விட்டும் ஓட்டின்மேல் தண்ணீர் நிற்கிறது

ஓட்டை முழு மட்டமாக வைத்திருப்பதால் மெல்லிய படலமாக நீர் தங்குவது இயல்பு. வெயில் வந்தால் காய்ந்துவிடும். உள்ளங்கை அளவுக்கு மேல் குளமாக நின்றால் சந்தைப் பாருங்கள். தெருவில் அங்சானா மரம் உள்ள வட்டாரங்களில் இது பெரிய தொல்லை. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் எத்தனையோ சாலைகளில் நிற்கும், வேங்கை இனத்து மரம் அது. பூத்தால் ஒரே நாளில் மஞ்சள் இதழ்களைக் கொட்டிவிடும். அந்த இதழ்கள் நனைந்து 3 மி.மீ. சந்தில் பசையாக ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் சந்தைக் கீறிவிட்டு, தூசு உறிஞ்சும் எந்திரத்தால் இழுத்துவிடுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கீழே தள்ளிவிட்டால் குப்பை கண்ணுக்கு மறையும், வடிகாலில் போய் உட்காரும்.

ஓட்டுக்கு அடியில் தண்ணீர், கொசு வருகிறது

இந்தத் தளத்தைப் பற்றி எனக்குக் கவலை தரும் ஒரே விஷயம் இதுதான். மரப்பலகைக்குக் கீழேயும் இது நடக்கும் என்றாலும், ஓட்டுத் தளம் அழகாக மூடி மறைத்துவிடுகிறது. ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். நிழலில் தேங்கிய கொஞ்சம் தெளிந்த நீர் போதும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள். ஆகவே வாரம் ஒருமுறை பார்க்காத நீர் எல்லாம் ஆபத்தான நீர். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு கண்டால் 500 ரிங்கிட் வரை சமரச அபராதம் (காம்பவுண்டு) விதிக்கலாம். சோதனைக்கு வருகிற அதிகாரி ஓட்டைத் தூக்கச் சொல்வதற்கும் தடையில்லை.

மழை பெய்து ஒரு நாள் கழித்து, வடிகால் வாய்க்கு மேலுள்ள ஓட்டை முதலில் தூக்குங்கள். அங்கே நீர் நின்றால் அடைப்பு. வலைமூடியைக் கழற்றி, கையை விட்டு எடுத்தால் இலை, மண், முடி, சில நேரம் ஓடு வெட்டியபோது விழுந்த சேறு உறைந்து கல்லாக வரும். வடிகால் காய்ந்திருந்து வேறிடத்தில் நீர் நின்றால் தளத்தில் பள்ளம் இருக்கிறது. டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் நீர் மின்னி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அங்கே சாக்கட்டியால் சுற்றிக் கோடு போடுங்கள். நல்ல வாட்டம் என்றால் மீட்டருக்கு 10 முதல் 12 மி.மீ. இறங்க வேண்டும். பள்ளம் 3, 4 மி.மீ. ஆழம்தான் என்றால் ஒட்டும் பசை கலந்த சாந்தால் நிரப்பி, அதன்மேல் நீர்க்காப்புப் பூச்சை மறுபடி பூசலாம். அதற்குமேல் என்றால் ஓடு முழுவதையும் எடுத்துவிட்டு வாட்டத்தைத் திருத்துவதே வழி. வெறும் சாந்தைப் படலத்தின்மேல் அப்பினால் பிளந்து வந்துவிடும்.

தாங்கிகளையும் விட்டுவிடாதீர்கள். சில தாங்கிகளின் திருகுக் குழாய் மேலே திறந்திருக்கும். அடியில் துளை இல்லையென்றால் ஒவ்வொரு தாங்கியும் ஒரு குட்டித் தொட்டி. ஒரு பால்கனிக்கு முப்பது, நாற்பது தாங்கி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். துளை உள்ள தாங்கியாக வாங்க வேண்டும். ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் எடுத்துக் காலில் சிறு துளை இட்டுவிட்டு வையுங்கள். தாங்கி படலத்தின்மேல் நிற்கும்போதே துளையிட வேண்டாம். துரப்பணம் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

மழையே இல்லாத வாரத்திலும் அடியில் ஈரமா? அறைக் குளிரூட்டியின் (ஏர்கான்) கழிவுநீர்க் குழாயைத் தேடுங்கள். நம் அடுக்குமாடிகளில் அந்தக் குழாயைப் பால்கனித் தரையில் அப்படியே விட்டிருப்பார்கள். முன்பு தரையில் கோடாக ஓடியது கண்ணில் பட்டது, இப்போது ஓட்டுக்கு அடியில் இரவு முழுக்கச் சொட்டிக்கொண்டிருக்கிறது. குழாயை நீட்டி வடிகால் வாய்க்குள்ளேயே விடுங்கள்.

இவற்றைச் சரிசெய்யும்வரை தேங்கும் இடத்தில் கொசுப்புழுவைக் கொல்லும் ஆபேட் மருந்துமணல் போடலாம்; 10 லிட்டர் நீருக்கு 1 கிராம் என்பது அளவு. அது தற்காலிக உதவி. மழை ஒருமுறை கழுவினால் போய்விடும்.

கீழ்வீட்டுக் கூரையில் ஈரம்

“மேலே புது ஓடு போட்டார்கள், அன்றிலிருந்து ஒழுகுகிறது” என்ற பேச்சு எழும். ஓட்டுக்கும் ஒழுகலுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது; இந்தத் தளம் நீரைத் தடுக்கச் செய்ததே அல்ல, சந்து வழியாக இறங்கவிடச் செய்தது. தடுக்க வேண்டியது அடியிலுள்ள நீர்க்காப்புப் படலம். ஓடு போட்டவர்கள் அதைக் கெடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் சுவரோரம்: படலம் தரையோடு நிற்கக் கூடாது, சுவரில் ஏறி, முடிந்த தளத்துக்கு மேலும் 15 செ.மீ. அளவு போக வேண்டும். தளத்தை 10 செ.மீ. உயர்த்திவிட்டால், முன்பு போதுமானதாக இருந்த ஏற்றம் இப்போது போதாமல் போகிறது. அடுத்து, நகர்த்தும் கதவின் தண்டவாளம். அதில் வெளிப்பக்கமாகச் சிறு நீர்த்துளைகள் இருக்கும். ஓட்டின் விளிம்பு அவற்றை மூடியிருந்தால் நீர் திரும்பி வீட்டுக்குள் வந்து, அங்கிருந்து கீழே இறங்கும். கதவோர ஓட்டை ஒரு விரல் தள்ளி வைத்து, அந்த இடைவெளியில் வலைத்தட்டிப் பட்டை போடுவது நல்லது. பிறகு ஓடு வெட்டிய இடம். பால்கனியிலேயே கிரைண்டர் வைத்து வெட்டியிருந்தால் கூரான சில்லுகள் படலத்தின்மேல் கிடக்கும். ஆள் நடக்க நடக்கத் தாங்கி அதைப் படலத்துக்குள் அழுத்தும். கடைசியாகப் பிளம்பிங் குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடங்கள்.

கண்ணால் தெரியவில்லை என்றால் தேக்கிப் பார்க்கலாம். ஓடுகளை எடுத்துவிட்டு, வடிகால் வாயை அடைத்து, தளத்தின் மேட்டுப் பக்கத்திலும் 2 செ.மீ. நிற்கும் அளவு நீர் விட்டு, ஒரு நாள் முழுவதும் வையுங்கள். சாய நீர் கலந்தால் கீழே வருவது நம் நீர்தானா என்று தெரிந்துவிடும். ஒரு செ.மீ. ஆழம் சதுர மீட்டருக்கு 10 கிலோ. ஆர்வக்கோளாறில் அரை அடிக்கு நிரப்பிவிடாதீர்கள்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின்கீழ் 2015இல் வந்த விதிமுறைகள், கூரையில் ஈரம் தெரிந்தால் குறை மேல்வீட்டில்தான் என்று எடுத்துக்கொள்கின்றன. இல்லை என்று நிறுவுவது பிறகு. புகார் வந்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும், பார்த்துச் சான்று தர வேண்டும். அவர்கள் வரும்போது உறிஞ்சுபிடியை வைத்து நீங்களே நான்கு ஓட்டைத் தூக்கிக் காட்டினால் பேச்சு பாதியாகக் குறையும். புது வீடு என்றால், சாவி வாங்கி 24 மாதம்வரை மேம்பாட்டாளரே குறைகளைச் சரிசெய்யக் கடமைப்பட்டவர். அந்தக் காலத்துக்குள் பழைய ஓட்டை உடைத்துப் புதிது ஒட்டியவர்கள் “நீங்கள்தான் உடைத்தீர்கள்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். தாங்கிமேல் போட்டவர் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுப் பழைய தளத்தை அப்படியே காட்டலாம். எனினும் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே தொடங்குங்கள்.

ஓடு விரிசல் விட்டுவிட்டது

விரிசல் விட்ட ஓட்டை ஒரு நாள்கூட வைத்திருக்க வேண்டாம். அடியில் மண் இல்லை, வெற்றிடம். உடைந்தால் கால் உள்ளே போகும். வேறு ஓடு வரும்வரை அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆள் நடக்காதபடி நாற்காலி போட்டு மறையுங்கள்.

காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று. கடையில் 10 மி.மீ. ஓட்டை “இதுவும் வெளிப்புற ஓடுதான்” என்று விற்றிருப்பார்கள். அது ஒட்டிப் போடுவதற்கு, தாங்கிமேல் நிறுத்துவதற்கு அல்ல. அல்லது 60க்கு 120 ஓட்டுக்கு நான்கு மூலைகளில் மட்டும் தாங்கி வைத்திருப்பார்கள். நீளப்பக்கத்தின் நடுவிலும் தாங்கி வேண்டும், ஓட்டின் நடுவயிற்றிலும் ஒன்று இருந்தால் நல்லது. அல்லது சுவரோரம் ஒரு சாண்கூட அகலமில்லாத வெட்டுத்துண்டு. நடுவிலிருந்து அளந்து தொடங்கினால் இரு பக்கமும் சமமான, அகலமான துண்டுகள் வரும். நான்காவது, கனமான பொருள் விழுந்தது. போர்சலின் பரவலான பாரத்தை நன்றாகத் தாங்கும். அம்மிக்குழவி ஒரு முனையில் விழுந்தால் தாங்காது. பின்புறம் கண்ணாடியிழை வலை ஒட்டிய ஓடு உடைந்தாலும் சிதறாமல் நிற்கும். உயரமான தாங்கி போடுகிறவர்கள் அதையே கேட்டு வாங்க வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு. துளசி மாடம்: சிமெண்டு மாடமும் மண்ணும் நீருமாகச் சேர்ந்து எளிதில் ஐம்பது கிலோவைத் தாண்டும், அத்தனையும் ஓரடிச் சதுரத்தில். அந்த ஓட்டுக்கு நடுவில் ஒரு கூடுதல் தாங்கி வைத்துவிட்டு மாடத்தை இறக்குங்கள். பொங்கல்: மூன்று செங்கல்லும் விறகும் வைத்து இந்தத் தளத்தின்மேல் பானை ஏற்றாதீர்கள். ஓட்டின் நடு மட்டும் கொதித்து விளிம்பு குளிர்ந்திருந்தால் அது பிளக்கலாம். பிளக்காவிட்டாலும் அடியில் இருப்பது பாலிபுரொப்பிலீன், 160 பாகையை ஒட்டி உருகிவிடும், அதற்கு வெகு முன்பே இளகிவிடும். ஓடுகளை எடுத்துவிட்டு அடித்தளத்தில் வைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். அங்கே படலம் இருக்கிறது. கீழே பொது இடத்தில் நிர்வாகத்திடம் கேட்டுப் பொங்குவதே சரி.

வாங்கும்போதே ஐந்தாறு ஓடு கூடுதலாக வாங்கி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நிறம் கிடைக்காது.

தரை உயர்ந்தது, கைப்பிடிச் சுவர் தாழ்ந்தது

யாரும் குறையாகச் சொல்லாத குறை இது; நானே அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். 1.1 மீட்டர் உயரக் கைப்பிடி உள்ள பால்கனியில் தளத்தை 12 செ.மீ. ஏற்றினால் மிஞ்சுவது 98 செ.மீ. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த 12 செ.மீ. பெரிய தொகை. கம்பிகளுக்குக் கீழேயிருந்த இடைவெளியும் மாறும்; குறுக்குக் கம்பி இருந்தால் ஏறி நிற்கப் படி கிடைத்துவிடும். உயரத்தைக் குறைக்கக் குட்டைத் தாங்கி இருக்கிறது; 2, 3 செ.மீ. உயரத்திலேயே நிறுத்தலாம். கதவுப் படிக்குச் சமமாகத் தரை வர வேண்டும் என்ற ஆசைக்காகக் கைப்பிடியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேல்மாடிகளில் காற்றும் ஒரு கவலை. ஏப்ரல் முதல் நவம்பர்வரை விடியற்காலையில் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து அடித்துக்கொண்டு வரும் சுமத்ரா சூறைக்காற்றைப் பினாங்கு, கோலாலம்பூர்க்காரர்கள் அறிவார்கள். சதுர மீட்டருக்கு 46 கிலோ எடையும், காற்றழுத்தம் புகுந்து வெளியேறத் திறந்த சந்தும் இருப்பதால் மறைவான பால்கனியில் ஓடு கிளம்புவது அரிது. திறந்த மொட்டைமாடியின் விளிம்பிலும் மூலையிலும் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே கவ்வி போட்டுப் பூட்டும் வகையைப் பொறியாளர் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வழுக்கல், கறை, சூடு, நாற்றம்

வழுக்கினால் பாசியோ சோப்பு எச்சமோ தான். வழுக்காத் தன்மையில் ஆர்11 தரமுள்ள ஓட்டின் சொரசொரப்பில் அழுக்கு உட்கார்ந்துகொள்ளும். விறைப்பான பிரஷ்ஷும் காரச் சோப்பும் போட்டுத் தேய்த்து நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். குளோராக்ஸ் போன்ற வெளுப்பானைத் தனியாகப் பயன்படுத்தலாம், அமிலத்தோடு கலக்கவே கூடாது. விளக்கெண்ணெய்க் கறைக்கும் காரச் சோப்பு. பூந்தொட்டி இரும்புத் தாங்கியின் துருவுக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல். சிமெண்டுப் படலம் வெள்ளையாகத் தெரிந்தால் பக்கத்தில் சிமெண்டு வேலை செய்தபின் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். அதற்கென்று விற்கும் அமிலக் கழுவி போதும், ஆனால் ஓட்டைத் தனியே எடுத்து வைத்துக் கழுவுங்கள், அமிலம் அடித்தளத்துக்கு ஆகாது.

பகலில் சுடுகிறது என்பதற்கு மருந்து இல்லை. மரத்தைவிட ஓடு சூட்டை வேகமாகக் காலுக்குக் கடத்தும். இந்த ஒன்றில் மரமே மேல். கருஞ்சாம்பல் ஓடு வாங்கியவர்கள் பாய் விரிக்கலாம், நிழல்துணி கட்டலாம். வாங்கப் போகிறவர்கள் வெளிர்நிறம் எடுக்கட்டும்.

நாற்றம் என்றால் அடியில் ஏதோ செத்துக் கிடக்கிறது. மூக்கு காட்டும் ஓட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். பிறகு சுவரோர இடைவெளியில் துருப்பிடிக்காத எஃகு வலை வையுங்கள். எலியும் கரப்பானும் அங்கிருந்துதான் இறங்குகின்றன. பினாங்கில் கடலை ஒட்டிய தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி வீடுகளில் சாதாரண நாகப்பூச்சுக் கம்பிவலை உப்புக்காற்றில் சீக்கிரமே துருவேறும். 316 ரக எஃகைக் கேளுங்கள்.

தாமான் (தரைவீட்டுக் குடியிருப்பு) வீட்டுத் தோட்டத்தில் போட்டது ஏறி இறங்குகிறது

மண்ணின்மேல் நேராகத் தாங்கியை நிறுத்தியிருப்பார்கள். தாங்கிக்குக் கடினமான, அமிழாத தளம் வேண்டும். நனைந்த களிமண் அது அல்ல. ஓடுகளை அடுக்கி வைத்துவிட்டு, மேல்மண்ணை எடுத்து, உடைகல்லை இரண்டு அடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் அதிர்வுத் தட்டால் இடித்து, வீட்டுக்கு எதிர்ப்பக்கம் வாட்டம் வருமாறு 10 செ.மீ. கான்கிரீட் இட வேண்டும். அது இறுகி ஒரு வாரமாவது ஆன பிறகு தாங்கியை நிறுத்துங்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் தாங்கியை மறந்துவிட்டு, இடித்த உடைகல்லின்மேல் பொடிக்கல் பரப்பி அதே 20 மி.மீ. ஓட்டை நேராகப் படுக்க வைக்கலாம். சரிவான மேட்டில், அடியில் ஒன்றுமே இல்லாமல் வெளியே நீட்டிக் கட்டும் தளத்துக்கு இரண்டும் உதவாது. அங்கே இன்னும் மரச்சட்டமோ எஃகுச் சட்டமோதான்.